அம்பலப்புழைக் கடன்

கொச்சித் துறைமுகத்தின் வாயிலுக்கு வடக்கே, ஒரு புறம் அரபிக் கடலும் மறு புறம் காயலும் சூழ, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்திற்குக் கிடக்கின்ற நிலம் வைப்பின் தீவாகும். 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் கொண்டு வந்து சேர்த்த வண்டலும் மணலுமே இத்தீவாயின என்பது வழிவழியாக வந்த செய்தி. ‘வைப்பு’ என்னும் சொல் நமக்குப் புதிதன்று. வங்கியில் இட்டு வைக்கும் பணத்தை நாம் வைப்பு நிதி என்கிறோம். ஆறும் கடலும் இட்டு வைத்த நிலத்தை இங்குள்ளோர் வைப்பு என்கின்றனர். துகள் துகளாய்ச் சேர்ந்து உருவான இந்நிலத்தின் உவர் வயல்களில் பொக்காளி என்னும் நெல் விளைகின்றது. சிறியது சேர்ந்து பெரியதாகும் விந்தையைப் பற்றிப் பேசுவதற்கு இத்தீவு பொருத்தமான இடமேயாகும்.

அலுவல் நிமித்தம் இங்குக் குடியேறிய நாம், நாள்தோறும் காலையில் வைப்பின் துறையிலிருந்து கோட்டைக் கொச்சிக்குப் படகில் கடக்கின்றோம். மக்களையும் வண்டிகளையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் அந்த ரோ-ரோ படகில் தமிழ்ப் பேச்சு காதில் விழாத நாள் அரிது. அவ்வாறு ஒரு நாள் நமக்கு அறிமுகமானவர், மட்டாஞ்சேரிக் கிடங்கொன்றில் மூட்டை சுமக்கும் தென்பாண்டி நாட்டு இளைஞர். அவர் ஒரு காலையில் மலையாளத்தில் எழுதிய தாள் ஒன்றை நம்மிடம் நீட்டி, “ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். மாலையில் கையெழுத்துப் போட வேண்டும்” என்றார்.

அது ஒரு கடன் சீட்டு. தொகை 10,000 ரூபாய். வட்டி, மாதத்திற்கு நூற்றுக்குப் பத்து. இவ்விரண்டும் அவர் அறிந்தவையே. “மாதம் ஆயிரந்தானே ஐயா, சமாளித்து விடலாம்” என்றார். ஆனால் தாளின் இறுதியில், கட்டாத வட்டி அவ்வப்போது முதலோடு சேர்ந்து தானும் வட்டி பெறும் என்று ஒரு வரி இருந்தது. அதை அவரிடம் எவரும் படித்துக் காட்டவில்லை. “தம்பி, மாலையில் நாம் பேசும் வரையில் கையெழுத்தை நிறுத்தி வையுங்கள்” என்று சொன்னோம். அன்று மாலை அவரிடம் நாம் பேசியது ஓர் எண்ணைப் பற்றி. அதனையே இங்கு நேயர்களுக்கும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம்.

பாயசமும் பலகையும்

கொச்சிக்குத் தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், ஆலப்புழை மாவட்டத்தில், அம்பலப்புழை என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கண்ணன் திருக்கோயிலின் பால் பாயசம் நாடெங்கும் பெயர் பெற்றது. அது நாள்தோறும் படைக்கப்பெறுவதற்குக் காரணமாக ஒரு கதை வழங்குகின்றது.

சதுரங்கத்தில் பெருவிருப்புடைய மன்னன் ஒருவனிடம் முதியவர் ஒருவர் ஆட வந்தாராம். தாம் வென்றால் பொன்னும் பொருளும் வேண்டா என்றும், பலகையின் முதற் கட்டத்திற்கு ஓர் அரிசி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு, இவ்வாறு கட்டந்தோறும் இருமடங்காக 64 கட்டங்களுக்கும் அரிசி தந்தாற் போதும் என்றும் கேட்டாராம். மன்னன் நகைத்து இசைந்தான். ஆட்டத்தில் தோற்றான். அரிசியை எண்ணி வைக்கத் தொடங்கிய பின்னரே, தன் களஞ்சியம் மட்டுமன்றித் தன் நாடும் அதற்குப் போதாது என்பதை உணர்ந்தான். அப்போது முதியவர் கண்ணபிரானாகக் காட்சி தந்து, கடனைப் பாயசமாக நாள்தோறும் சிறிது சிறிதாகத் தந்து தீர்க்குமாறு பணித்தார். அக்கடன் இன்னும் தீரவில்லை. ஆதலின் பாயசமும் நிற்கவில்லை என்பர்.

இது பக்தி சார்ந்த கதை. இதனை ஒத்த கதைகள் அரபு, பாரசீக நாடுகளிலும் உண்டு. அங்கே பரிசு கேட்பவன் சதுரங்கத்தை அமைத்த சிஸ்ஸா என்னும் இந்திய அறிஞன். கேட்கும் தானியம் கோதுமை. கி.பி. 1000-ஐ ஒட்டி வாழ்ந்த பேரறிஞர் அல்பிரூனி, பலகையின் மொத்தத் தொகையைத் தம் நூலொன்றில் பிழையின்றிக் கணித்துக் குறித்துள்ளார். கதையில் ஊர் மாறலாம், தானியம் மாறலாம். தொகை மட்டும் ஒன்று கூடுவதுமில்லை, ஒன்று குறைவதுமில்லை. அது இதுவே:

1,84,46,74,40,73,70,95,51,615

எண்ணைப் படித்தல்

இருபது இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணை எவ்வாறு படிப்பது? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வினா விளையாட்டன்று. ஆங்கில முறையில் இலக்கங்களை மும்மூன்றாகப் பிரிப்பர். நாம் வலப்புறம் மூன்றை விட்டு, அப்பால் இரண்டிரண்டாகப் பிரிக்கின்றோம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது ஒரு சுழி தவறினாலும் பத்து மடங்கு பிழையாகிவிடும். பில்லியன் என்னும் சொல்லோ இன்னும் ஏமாற்றுவது. பிரிட்டனில் அது முன்னர் லட்சம் கோடியைக் குறித்தது. 1974-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு அரசு அதனை நூறு கோடி என்னும் பொருளில் வழங்கலாயிற்று. பழைய நூலைப் பெயர்ப்பவர் ஆண்டைப் பார்த்தே எண்ணை எழுத வேண்டும்.

நமது ‘கோடி’ இத்தகைய குழப்பம் இல்லாதது. வலப்புறமிருந்து ஏழேழு இலக்கங்களாகப் பிரித்துக்கொண்டால் எத்துணைப் பெரிய எண்ணும் நாவிற்கு அடங்கும். மேற்சொன்ன எண் மூன்று துண்டுகளாகும்: 1,84,467 கோடி கோடி, 44,07,370 கோடி, 95,51,615. வெளி மாநிலங்களில் வாழும் நம் குழந்தைகள் பள்ளியில் வேறு மொழியில் எண்ணப் பழகினாலும், இப்படி ஒரு முறை வீட்டில் உரக்கப் படித்துப் பார்த்தால், தமிழில் இவ்வளவு பெரிய எண்ணையும் தடையின்றிச் சொல்லலாம் என்பது அவர்களுக்கு விளங்கும்.

வரிசை வரிசையாக

நம் பழைய முகத்தலளவை நெல்மணியிலிருந்தே தொடங்குகின்றது. 360 நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. அதற்கு மேல் இரட்டிப்புத்தான்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆகவே ஒரு படிக்கு 14,400 நெல். நம் முன்னோர் மூன்று முறை இரட்டித்து, படியில் நிறுத்திக் கொண்டனர். முதியவர் கேட்டதோ 63 முறை இரட்டிப்பு.

கிராம் ஒன்றுக்கு 50 அரிசி என்று வைத்துக் கொண்டு, பலகையை எட்டு எட்டுக் கட்டங்களாக, வரிசை வரிசையாகப் பார்ப்போம். முதல் வரிசை முடிய 255 அரிசி. அதாவது 5 கிராம். கதையின் மன்னன் நகைத்தது இயல்பே. இரண்டாம் வரிசை முடிய 65,535 அரிசி. ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு சிறு குடும்பத்தின் ஒரு நாள் சோறு. மூன்றாம் வரிசை முடிய ஏறத்தாழ 335 கிலோ, ஏழெட்டு மூட்டை. நான்காம் வரிசை முடிய, அதாவது பாதிப் பலகைக்கு, 429,49,67,295 அரிசி. எடை 86 டன். மட்டாஞ்சேரியின் பெரிய வணிகர் ஒருவர் தம் கிடங்கிலிருந்து இதனைத் தந்துவிடவும் கூடும்.

பாதி வழி வந்தாயிற்று. கணக்கு இன்னும் கைக்குள்தான் இருக்கின்றது. ஆனால் ஐந்தாம் வரிசை முடிய ஏறத்தாழ 22,000 டன். ஆறாம் வரிசை முடிய 56 லட்சம் டன். ஏழாம் வரிசை முடிய 144 கோடி டன். இந்தியா முழுவதும் இக்காலத்தில் பத்து ஆண்டுகளில் விளைவிக்கும் அரிசிக்கு இது நிகராகும். எட்டாம் வரிசையும் முடிந்தால் 36,893 கோடி டன். இன்று உலகெங்கும் ஓர் ஆண்டில் விளையும் அரிசி ஏறத்தாழ 50 கோடி டன் ஆதலால், எழுநூறு ஆண்டு உலக விளைச்சலை ஒருவரும் உண்ணாமல் சேர்த்து வைத்தாலே இக்கடன் தீரும். ஒரு கன மீட்டர் அரிசி 800 கிலோ நிற்கும் என்று கொண்டு அதனைத் தமிழ்நாடு முழுவதும் பரப்பினால், கன்னியாகுமரி முதல் திருத்தணி வரை மூன்றரை மீட்டர் உயரத்திற்கு அரிசியே கிடக்கும்.

எண்ணாமல் அறிதல்

இவ்வளவு பெரிய தொகையை 64 எண்களைக் கூட்டியா கண்டறிய வேண்டும்? வேண்டுவதில்லை. 1, 2, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 7. அடுத்த கட்டம் 8. அதனையும் கூட்டினால் 15. அடுத்த கட்டம் 16. எந்தக் கட்டத்தில் நின்றாலும், அதுவரை வைத்த அரிசி முழுவதும் சேர்ந்து அடுத்த கட்டத்திற்கு ஒன்று குறைவாகவே இருக்கும். ஆகவே, 65-ஆவது கட்டம் ஒன்று இருந்தால் அதில் எத்தனை அரிசி வருமோ, அதில் ஒன்றைக் கழித்தால் பலகையின் மொத்தம் கிடைத்துவிடும்.

இதில் வேறொரு பொருளும் அடங்கியிருக்கின்றது. கடைசிக் கட்டம் ஒன்றில் மட்டும், அதற்கு முன் வைத்த 63 கட்டங்களின் மொத்தத்தைவிட ஓர் அரிசி மிகுதியாக உள்ளது. இரட்டித்துச் செல்லும் எதிலும் சுமையின் பாதி கடைசி ஓர் அடியிலேயே விழுகின்றது.

எண் சரியா என்று சோதிக்கவும் எளிய வழிகள் உண்டு. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கு படிகளில் சுழலும். 64 நான்கால் வகுபடுவதால், 64 இரண்டுகளைப் பெருக்கி வரும் எண் 6-இல் முடியும். ஒன்றைக் கழித்தால் 5. நம் எண் 5-இல் முடிகின்றது. ஆதலின் அதனை ஐந்து பேருக்கு மீதியின்றிப் பங்கிடலாம். இருபது இலக்கங்களையும் கூட்டினால் 87 வரும். 87 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. ஆகவே மூவருக்குப் பங்கிடலாம், ஒன்பதின்மருக்கு இயலாது.

எண்ணை உடைத்தல்

ஒரு பெரிய எண்ணை நன்கு அறிய வேண்டுமாயின், அது எந்தெந்தச் சிறிய எண்களின் பெருக்கத்தால் ஆனது என்று பார்க்க வேண்டும். வேறு எண்ணால் மீதியின்றி வகுபடாத 3, 5, 7 போன்றவற்றைப் பகா எண்கள் என்பர். எல்லா எண்களும் அவற்றால் கட்டப்பட்டவையே. ஆனால் இருபது இலக்கங்கள் கொண்ட எண்ணைப் பகா எண்களாக உடைப்பது பொதுவாகக் கடினம். அம்பலப்புழை எண்ணோ ஓரளவிற்குத் தானே விரிந்து கொடுக்கின்றது.

அதன் வழி இது. பாதிப் பலகையின் மொத்தத்தையும், அதனினும் இரண்டு கூடிய எண்ணையும் பெருக்கினால் முழுப் பலகையின் மொத்தம் வரும். அதாவது 429,49,67,295-ஐ 429,49,67,297-ஆல் பெருக்க வேண்டும். பாதிப் பலகைக்கும் அதே விதிதான்: அது இரண்டு வரிசையின் மொத்தமாகிய 65,535-ஐ 65,537-ஆல் பெருக்கிய பயன். 65,535 என்பது ஒரு வரிசையின் மொத்தமாகிய 255-ஐ 257-ஆல் பெருக்கியது. 255 என்பது 15-ஐ 17-ஆல் பெருக்கியது. 15 என்பது மூவைந்து. இவ்வாறு முழுப் பலகையிலிருந்து இரண்டே கட்டங்கள் வரை படிப்படியாக இறங்கி வந்தால், நம் எண் ஆறு எண்களின் பெருக்கமாக நிற்கும்: 3, 5, 17, 257, 65,537, 429,49,67,297.

இவ்வாறும் எண்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கின்றது. ஒன்றை எடுத்து, அதில் 1-ஐக் கழித்து, வந்ததைத் தன்னாலேயே பெருக்கி, 1-ஐக் கூட்டினால் அடுத்தது வரும். 5-இல் ஒன்று போக 4, நானான்கு 16, ஒன்று கூட்ட 17. இனி நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இவ்வாறும் பகா எண்கள்தாமா?

ஐந்து முறை உண்மை

இவ்வினாவைப் பிரான்சு நாட்டுக் கணித மேதை பெர்மா 1640-ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். 3 பகா எண். 5 பகா எண். 17, 257, 65,537 ஆகியனவும் அவ்வாறே. ஐந்து முறை பார்த்தாயிற்று. ஐந்து முறையும் தவறவில்லை. ஆகவே இவ்வரிசையில் வரும் எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று பெர்மா கருதினார். அதற்கு மெய்ப்பு தம்மிடம் இல்லை என்பதையும் அவர் ஒப்புக் கொண்டார். ஆயினும் அக்கருத்தில் அவருக்கு உறுதி இருந்தது. அவரைப் போன்ற பேரறிஞர் சொன்னதை எளிதில் மறுக்கவும் எவரும் முன்வரவில்லை.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின், இரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஆய்லர் என்னும் இளைஞருக்கு, நண்பர் கோல்ட்பாக் 1729-இல் எழுதிய கடிதத்தின் வாயிலாக இச்செய்தி எட்டியது. 1732-இல், தம் 25-ஆம் வயதில், ஆய்லர் விடை தந்தார். ஆறாவது எண்ணாகிய 429,49,67,297 பகா எண்ணன்று. அது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்பதே அவ்விடை. நேயர்களும் ஒரு துண்டுக் காகிதத்தில் இதனைச் சரிபார்க்கலாம். 67,00,417-ஐ 600-ஆல் பெருக்கினால் 402,02,50,200. அதே எண்ணை 41-ஆல் பெருக்கினால் 27,47,17,097. இரண்டையும் கூட்டினால் 429,49,67,297. பள்ளிச் சிறுவனும் செய்யக்கூடிய இப்பெருக்கல், ஒரு மேதையின் கருத்தை ஐந்து நிமிடத்தில் வீழ்த்திவிட்டது.

641 எவ்வாறு அகப்பட்டது என்று வியக்கலாம். இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அது 64-இன் மடங்கோடு ஒன்று கூடியதாகவே இருக்க வேண்டும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். அவ்விதிப்படி 65, 129, 193 என்று பார்த்துக் கொண்டு வந்தால், அவற்றுள் பகா எண்களாக முதலில் வருபவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை வாயில் திறக்கின்றது. கோடிக்கணக்கான எண்களைத் துழாவ வேண்டிய வேலையைச் சரியான சிந்தனை ஐந்து வகுத்தல்களாகச் சுருக்கிவிட்டது.

ஆகவே அம்பலப்புழை எண் ஏழு பகா எண்களின் பெருக்கம்: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு முறையே வருகின்றது. இவ்வேழிலிருந்து வேண்டியவற்றை எடுத்தும் விடுத்தும் பெருக்கினால் அமையும் வகுத்திகள், ஒன்றையும் அவ்வெண்ணையும் உட்பட, 128. முதல் வரிசையின் கடைசிக் கட்டத்து அரிசியும் 128 என்பது காண இனியது. பெர்மாவின் வரிசையில் ஆறாவதற்குப் பின் வரும் எண்கள் பலவற்றை அறிஞர்கள் சோதித்துவிட்டனர். இதுவரை 65,537-க்கு மேல் ஒரு பகா எண்ணும் அவ்வரிசையில் அகப்படவில்லை.

பெர்மாவின் கருத்து பொய்த்தாலும் அவர் கண்ட எண்கள் வீணாகவில்லை. 1796-இல், பதினெட்டு வயது நிரம்பிய ஜெர்மானியர் கௌஸ், அளவு குறியாத வரைகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்கமுள்ள ஒழுங்கான உருவத்தை அமைக்க இயலும் என்று காட்டினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாயின், பெர்மாவின் பகா எண்களாலேயே அது அமைதல் வேண்டும் என்பது 1837-இல் வான்ட்செல் என்பவரால் முழுமையாக மெய்ப்பிக்கப்பட்டது. அறிந்த ஐந்தையும் பெருக்கினால் வருவது 429,49,67,295. நம் பாதிப் பலகையின் அரிசித் தொகையே, இவ்வகையில் அமைக்க இயலும் என்று நாம் அறிந்த ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கைகளுள் மிகப் பெரியது!

காசியும் கணிப்பொறியும்

இதே எண் வேறொரு வடிவிலும் நம் நாட்டின் பெயரோடு இணைந்துள்ளது. 1883-இல் பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் லூக்கா ஒரு விளையாட்டுப் பொருளை வெளியிட்டார். மூன்று முளைகள், ஒரு முளையில் பெரிதின் மேல் சிறிதாக அடுக்கிய வட்டுகள், ஒரு நேரத்தில் ஒன்றாக, சிறிதின் மேல் பெரிது வாராமல், அனைத்தையும் வேறு முளைக்கு மாற்ற வேண்டும். காசியில் ஒரு கோயிலில் 64 பொன் வட்டுகளை அர்ச்சகர்கள் இவ்வாறு மாற்றி வருகின்றனர் என்றும், அது முடியும் நாளில் உலகம் முடியும் என்றும் அதற்கு ஒரு கற்பனைக் கதையும் கட்டப்பட்டது. மாற்ற வேண்டிய தடவைகள் நம் எண்ணேயாகும். விநாடிக்கு ஒன்றாக ஓயாது மாற்றினாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் செல்லும். அண்டத்தின் வயதோ ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளே.

இன்றைய கணிப்பொறிக்குள்ளும் இப்பலகை இருக்கின்றது. அது எண்களை ஒன்றும் சுழியுமாகவே எழுதும். எட்டு இடங்கள் ஒரு வரிசை. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 255. அறுபத்து நான்கு இடங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அம்பலப்புழை எண். முன்னர்ப் பல பொறிகள் 1970-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் கழிந்த விநாடிகளை 32 இடங்களில் எழுதி வைத்தன. அவற்றுள் ஓர் இடம் கூட்டல், கழித்தல் குறிக்குப் போக, 214,74,83,647 விநாடி வரையிலேயே எழுத முடியும். அவ்வெல்லை 2038-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள், நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு முடிகின்றது. அதற்கு அப்பால் அப்பொறிகளின் நாட்காட்டி பிழையாகும். தொடக்கத்தில் போதும் என்று தோன்றியது போதாமற் போயிற்று. ஆதலின் 64 இடங்களுக்கு மாற்றும் வேலை உலகெங்கும் நடந்து வருகின்றது.

கடன் சீட்டு

அன்று மாலை நாம் அவ்விளைஞரிடம் இவற்றையெல்லாம் சொல்லவில்லை. வைப்பின் துறையில், சீனவலைகள் ஏறி இறங்கும் கரையில் அமர்ந்து, ஒரு தாளில் எட்டுக் கட்டங்கள் வரைந்து, அம்பலப்புழை மன்னனின் கதையை மட்டும் சொன்னோம். பின்னர் அவருடைய சீட்டைப் பக்கத்தில் வைத்தோம்.

மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி, கட்டாமல் முதலோடு சேருமாயின், கடன் ஏறத்தாழ ஏழேகால் மாதத்தில் இரட்டிக்கும். 10,000 ரூபாய் ஓராண்டில் 31,384 ரூபாய். இரண்டாம் ஆண்டு முடிவில் 98,497. மூன்றாம் ஆண்டு முடிவில் 3,09,127. ஐந்து ஆண்டு முடிவதற்குள் எட்டு முறை இரட்டித்து, முதல் வரிசையைக் கடந்து, 30,44,816 ரூபாயாகிவிடும். மாதந்தோறும் ஆயிரம் கட்டிக் கொண்டே வந்தால் கடன் வளராது. ஆனால் முதலும் ஒரு காசு குறையாது. நோயோ வேலையின்மையோ வந்து கட்ட இயலாமற் போனால், அந்தக் கடைசி வரி விழித்துக் கொள்ளும். இத்தகைய மிகை வட்டியைத் தடை செய்யத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலும் கேரளத்தில் 2012-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன. எனினும் புலம்பெயர்ந்து வந்து, ஊர் மொழி படிக்கத் தெரியாது, அவசரத்தில் கையெழுத்திடுவோருக்குச் சட்டம் துணை வருவதற்குள் கட்டங்கள் பல நிரம்பிவிடும்.

அவர் நெடுநேரம் அந்த எட்டுக் கட்டங்களையே பார்த்துக் கொண்டிருந்தார். “முதல் நாலைந்து கட்டம் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே, ஐயா” என்றார். மன்னன் ஏமாந்தது அங்கேதான். பெர்மா தவறியதும் அங்கேதான். முதல் சில படிகளைக் கண்டு மீதி வழியை முடிவு செய்வது, அறியாதவர் மட்டும் செய்யும் பிழையன்று. அதற்கு மருந்து ஒன்றே: கடைசிக் கட்டம் வரை கணக்குப் போட்டுப் பார்த்தல். அதற்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. ஒரு துண்டுத் தாளும், கேட்பதற்கு நாணாத மனமும் போதும்.

மறுநாட் காலையில் படகில் அவரைக் கண்டோம். சீட்டில் கையெழுத்திடவில்லை என்றும், ஊரில் தாயாரின் வளையலை வங்கியில் அடகு வைத்துப் பணம் அனுப்புமாறு சொல்லிவிட்டதாகவும் கூறினார். அதற்கும் வட்டி உண்டு. ஆனால் ஆண்டுக்கு எவ்வளவு, எத்தனை மாதத்தில் மீட்கலாம் என்பதை அவரே கணக்கிட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். நம்மிடம் காட்டி, “சரிதானா ஐயா?” என்று கேட்டார். சரியாகவே இருந்தது.